லண்டன், ரொறன்ரோ வானிலை ஏன் நம்முடையதைப் போல இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். வகுப்பில் வரும் சந்தேகங்களே கல்யாண வீட்டிலும் சந்தையிலும் என்னைத் தேடி வருகின்றன. இங்கே யாருக்குத்தான் லண்டனிலோ கனடாவிலோ ஒரு சொந்தம் இல்லை? தொலைபேசியில் அவர்கள் சொல்லும் குளிரும் காற்றும் நம் பாடப்புத்தகத்தோடு ஒத்துவராதபோது கேள்வி பிறக்கிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே வரிசையாக வாசிப்பது நல்லது.

அயன வலயத்துக்கு வெளியே எண்டா எங்க இருந்து சேர் தொடங்குது?

வரைபடத்தில் கடகக் கோடும் மகரக் கோடும், அதாவது 23.5 பாகை. ஆனால் காற்று அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. நான் இங்கே சொல்லப்போகும் வானிலை பெரும்பாலும் 30 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் நடப்பது. லண்டன் 51.5 பாகையில் இருக்கிறது, ரொறன்ரோ 43.7 பாகையில், மட்டக்களப்பு 7.7 பாகையில். இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இவற்றில்தான் தங்கியிருக்கின்றன.

காற்று உயரமுக்கத்தில இருந்து தாழமுக்கத்துக்குப் போகும் எண்டுதானே படிச்சம்? லண்டன் படத்தில கோட்டுக்குப் பக்கத்தாலேயே ஓடுதே?

படித்தது பிழையில்லை, ஆனால் அது பாதிக் கதை. காற்று தாழமுக்கத்தை நோக்கித்தான் புறப்படுகிறது. புறப்பட்டதும் பூமியின் சுழற்சி அதை வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் திருப்பத் தொடங்குகிறது. இதைக் கொரியோலிசு விசை என்கிறோம். காற்றின் வேகம் கூடக் கூட இந்த விசையும் கூடும். கடைசியில் அமுக்க வித்தியாசம் ஒரு பக்கம் இழுக்க, கொரியோலிசு விசை அதே அளவில் மறுபக்கம் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே காற்று தாழமுக்கத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, சம அமுக்கக் கோட்டோடு ஒட்டி ஓடும். நெதர்லாந்தின் பைஸ் பலோட் 1857இல் சொன்ன விதி இதுதான்: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழமுக்கம் உங்கள் இடக்கைப் பக்கம்.

எண்ணாகவும் பார்க்கலாம். அமுக்கத்தை அளக்கும் அலகு ஹெக்டோபஸ்கால். லண்டன் போன்ற இடத்தில் 100 கிலோமீற்றருக்கு 1 ஹெக்டோபஸ்கால் வீதம் அமுக்கம் குறைந்தால், இந்தச் சமநிலைக்கு மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் காற்று போதும். நிலத்துக்குக் கிட்ட மரமும் கட்டடமும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைப்பதால், அங்கே காற்று கொஞ்சம் உள்நோக்கிச் சரியும். சரிந்து வந்த காற்று தாழமுக்கத்தின் நடுவில் சேர்ந்து மேலே எழும். அங்கத்தைய நாள்கணக்கான மூடல் வானத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்ப எங்கட ஊரில பூமி சுழலயில்லையா?

நன்றாகவே சுழல்கிறது. ஆனால் காற்றைத் திருப்புவது முழுச் சுழற்சி அல்ல. நீங்கள் நிற்கும் தரைக்குச் செங்குத்தான அச்சில் வரும் பங்கு மட்டும்தான். அந்தப் பங்கு அகலக்கோட்டின் சைன் பெறுமானத்தோடு போகும். துருவத்தில் முழுவதும், மத்தியகோட்டில் ஒன்றுமேயில்லை. லண்டனில் அது மட்டக்களப்பில் இருப்பதைப்போல ஏறத்தாழ 6 மடங்கு. வேறு எந்த விசையும் இல்லாமல் ஓடவிட்டால் காற்று ரொறன்ரோவில் 17 மணித்தியாலத்தில் ஒரு வட்டம் போட்டுவிடும். இங்கே அதே வட்டத்துக்கு மூன்றரை நாளுக்கு மேல் வேண்டும்.

இதனால் பெரிய வித்தியாசம் ஒன்று வருகிறது. முன்பு சொன்ன அதே 1 ஹெக்டோபஸ்கால் சரிவை நம் அகலக்கோட்டில் சமன்செய்ய மணிக்கு 150 கிலோமீற்றர் காற்று வேண்டும். சாதாரண நாளில் அப்படிக் காற்று இல்லை. ஆகவே அமுக்க வித்தியாசம் இங்கே நிலைக்காது, கரைந்துவிடும். சந்தேகமென்றால் அமுக்கத்தை அளக்கும் ஒரு பாரமானியைப் பாருங்கள். புயல் இல்லாத நாட்களில் அது காலை 10 மணி, இரவு 10 மணி அளவில் உச்சத்துக்கு ஏறி, இடையில் சில ஹெக்டோபஸ்கால் இறங்கி, மறுநாளும் அதையே செய்யும். சூரிய வெப்பம் வளிமண்டலத்தில் எழுப்பும் வற்றுப்பெருக்கு அது. லண்டனிலும் அது உண்டு, ஆனால் ஓரிரு நாளில் 30 ஹெக்டோபஸ்கால் விழும் தாழமுக்கங்களுக்கு நடுவே கண்ணில் படாது.

வோஷ்பேசின் தண்ணி சுழலுறதும் இதாலதானே?

இல்லை. தண்ணீர் வடிய ஆகும் சில வினாடிகளில் பூமி திரும்புவது மிகச் சிறிய கோணம். தொட்டியின் வடிவமும், தண்ணீரை நிரப்பும்போது இருந்த அசைவுமே சுழலும் திசையை முடிவுசெய்கின்றன. சுழற்சி ஆட்சி செய்ய வேண்டுமென்றால் ஓட்டம் பெரிதாக, மெதுவாக, நாள்கணக்கில் நடக்க வேண்டும். ஆயிரம் கிலோமீற்றர் அகலமான தாழமுக்கம் அப்படிப்பட்டது.

பிளேன் கனடாவுக்குப் போக்க கூட நேரமும், அங்க இருந்து லண்டன் வர குறைஞ்ச நேரமும் எடுக்குதாம். மேல ஏன் எப்பவும் மேற்குக் காற்று?

தெற்கே சூடான காற்று, வடக்கே குளிர்ந்த காற்று. சூடான காற்று விரிந்து உயரமாக நிற்கும், குளிர்ந்தது சுருங்கிக் குட்டையாக நிற்கும். ஆகவே மேலே போகப் போக ஒரே உயரத்தில் தெற்கே அமுக்கம் கூடவும் வடக்கே குறையவும் இருக்கும். இரண்டாம் கேள்வியின் விதியைப் போட்டுப் பாருங்கள்: தாழமுக்கம் இடப்பக்கம், அதாவது வடக்கே இருக்க வேண்டுமானால், காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓட வேண்டும். உயரம் கூடக் கூட வேகமும் கூடும். வடக்கு நோக்கி 100 கிலோமீற்றருக்கு 1 பாகை வீதம் வெப்பநிலை குறைந்தால், 10 கிலோமீற்றர் உயரத்துக் காற்று நிலத்துக் காற்றைவிட மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர் வேகம் கூடியதாக இருக்கும். வெப்ப வித்தியாசம் நெருக்கமாக ஒதுங்கிய இடத்தில் இது ஜெட் காற்றாக, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டி ஓடும்.

ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி 1920களில் பலூன்களை விட்டு இந்தக் காற்றை அளந்தார். உலகம் முழுவதும் வாசிக்கட்டும் என்று 1926இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார். வாசித்தவர்கள் மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானிகள்தான் அதை உலகுக்கு உணர்த்தினார்கள். 2020 பெப்ரவரியில் ஒரு பயணிகள் விமானம் இந்தக் காற்றின் தயவில் நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

லண்டன்ல வாற புயலும் எங்கட எழுபத்தெட்டுச் சூறாவளியும் ஒண்டுதானா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்கள் இன்னமும் நம்மோடு இருக்கிறார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் அடியோடு விழுந்தன. தெற்கு இங்கிலாந்தில் 1987 ஒக்டோபர் 15, 16இல் அடித்த புயலில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்ததாகச் சொல்வார்கள். விழுந்த மரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே அவை வேறு வேறு இயந்திரங்கள்.

நம்முடைய சூறாவளி சூடான கடலில் இருந்து எழும் நீராவியைத் தின்று வளர்கிறது. நீராவி முகிலாகும்போது வெளியேறும் வெப்பம் அதன் நடுவைச் சூடாக்குகிறது. அதன் வடிவம் ஏறக்குறைய வட்டம், பலத்த காற்று நடுவைச் சுற்றிச் சில பத்துக் கிலோமீற்றரில். கரையேறினால் தீனி நின்றுபோய்ச் சில நாட்களில் அடங்கிவிடும். இடைவெப்ப வலயத்துப் புயல், அதாவது 30 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் பிறப்பது, குளிர்ந்த கடலிலும், தரைக்கு மேலும்கூட வளரும். அதன் நடுவில் காற்று குளிர்ந்தது. வட்டமாக இராது. அரிவாள் மாதிரி வளைந்த முகில் பட்டைகளோடு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றருக்குப் பரந்திருக்கும். 1993 ஜனவரியில் ஸ்கொட்லாந்துக்கு வடமேற்கே வந்த ஒன்றில் அமுக்கம் 914 ஹெக்டோபஸ்கால் வரை இறங்கியது. ஆகவே "அங்கத்தையது சின்னப் புயல்" என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. அத்திலாந்திக்கில் பிறக்கும் சூறாவளிகள் சில வடக்கே போகும்போது சூடான நடுவை இழந்து இரண்டாம் வகையாக மாறுகின்றன. 2012இல் நியூயோர்க் பக்கம் வந்த சாண்டி அப்படி மாறிக்கொண்டே கரையேறியது.

கடல் சூடு இல்லாட்டி அந்தப் புயலுக்குச் சக்தி எங்க இருந்து வருது?

வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தில் இருந்து. ஒரு கண்ணாடித் தொட்டியின் நடுவே தடுப்பு வைத்து ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் தேங்காய் எண்ணெயும் ஊற்றுங்கள். தடுப்பை எடுத்தால் தண்ணீர் அடியில் புகும், எண்ணெய் மேலே ஏறும், ஒரு குலுக்கம் நடக்கும். அந்தக் குலுக்கத்தின் சக்தி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோதே அங்கே இருந்தது. வளிமண்டலத்தில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி, சூடானது எண்ணெய் மாதிரி.

ஆனால் பூமி சுழல்வதால் அவை உடனே சரிந்து படுத்துவிடுவதில்லை. விமானம் பற்றிய பதிலில் சொன்ன ஜெட் காற்று அந்தச் சரிவைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. சக்தி சேமிப்பில் கிடக்கிறது. ஜெட் காற்றில் ஒரு சின்ன வளைவு விழுந்தால் கதை மாறும்: வளைவின் ஒரு பக்கத்தில் சூடான காற்று வடக்கே ஏறிப்போகும், மறுபக்கத்தில் குளிர்ந்தது தெற்கே இறங்கிவரும். பாரமானது இறங்க, இலேசானது ஏற, சேமித்த சக்தி காற்றாக மாறும். வளைவு இன்னும் பெரிதாகும், மேலும் சக்தி வெளிவரும். இதைப் பரோக்ளினிக் உறுதியின்மை என்கிறோம். ஜூல் சார்னி 1947இலும் எரிக் ஈடி 1949இலும் தனித்தனியே இதற்குக் கணிதம் கொடுத்தார்கள்.

அந்தக் கணிதம் ஒரு நீளத்தையும் சொல்கிறது. இடைவெப்ப வலயத்தில் மிக வேகமாக வளரும் அலை ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் நீளம். வரைபடத்தில் ஒரு தாழமுக்கத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை அளந்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். அதே கணக்கை மட்டக்களப்பின் அகலக்கோட்டுக்குப் போட்டால் 20,000 கிலோமீற்றர் வருகிறது, பூமியின் சுற்றளவில் பாதி. அதோடு நம்மைச் சுற்றி வடக்கு தெற்காக வெப்ப வித்தியாசமும் மிகக் குறைவு. எனவே இந்த வகைப் புயல் இங்கே பிறக்க வழியில்லை. உயர்தரத்தில் இதை முதன்முதல் கரும்பலகையில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் போகவில்லை.

முகப்பு எண்டா என்ன? மகள் ஒரு மணித்தியாலத்தில பத்துப் பாகை குறைஞ்சிட்டு எண்டு சொல்றா. நம்பலாமா?

நம்பலாம். குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் சந்திக்கும் எல்லைதான் முகப்பு. முந்திய பதிலின் அலை வளரும்போது காற்றோட்டம் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்றாகத் தள்ளி எல்லையைக் கூர்மையாக்கும். எல்லை கூர்மையானதும் அங்கே சமநிலை குலையும். அதைச் சரிசெய்யச் சூடான பக்கத்தில் காற்று மேலெழும், குளிர்ந்த பக்கத்தில் இறங்கும். நிலத்துக்கு அருகே இந்த ஓட்டம் எல்லையை இன்னும் நெருக்கும். அதனால்தான் ஒரு நாளில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரு மணித்தியாலத்தில் நடந்துவிடுகிறது. முகப்பு சுவர் போல நிமிர்ந்து நிற்பதில்லை. 100 கிலோமீற்றர் தூரத்துக்கு ஓரிரு கிலோமீற்றர் உயரும் சாய்வு அது.

பெயர் முதலாம் உலகப் போரிலிருந்து வந்தது. போரில் வெளிநாட்டு வானிலைத் தகவல்கள் நின்றுபோக, நோர்வேயில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் பேர்கன் நகரில் இருந்து உள்ளூர்க் கரையோரம் முழுவதும் அவதானிப்பாளர்களை நிறுத்தினார். நெருக்கமாகக் கிடைத்த அந்தத் தகவலில் இருந்து அவர் மகன் ஜேக்கப் 1919இல் இடைவெப்பப் புயலின் அமைப்பை வெளியிட்டார். இரண்டு காற்றுகள் மோதும் கோட்டுக்குப் போர்முனையின் பெயரையே வைத்தார்கள். போர்முனை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ரொஸ்பி அலை கடல் அலை மாதிரி மேலயும் கீழயும் ஆடுமா?

இல்லை, வடக்கும் தெற்குமாக ஆடும். உயரத்து மேற்குக் காற்றில் விழும் பெரிய வளைவுகளைத்தான் ரொஸ்பி அலை என்கிறோம். மூன்றாம் பதிலில் சொன்னபடி, வடக்கே போகப் போகப் பூமிச் சுழற்சியின் பங்கு கூடும். வடக்கே போகும் காற்றுக்குப் பூமியிடமிருந்து கிடைக்கும் சுழல் கூடுவதால், மொத்தக் கணக்கு மாறாமல் இருக்க அதன் சொந்தச் சுழல் குறைய வேண்டும். ஆகவே அது வலஞ்சுழியாகத் திரும்பித் தெற்கே வரும். தெற்கே வந்தால் மறுபக்கம் திரும்பும். கார்ல் குஸ்டாவ் ரொஸ்பி இதை 1939இல் விளக்கினார்.

இந்த அலைகள் காற்றை எதிர்த்து மேற்கே நகர முயலும். அலை நீளமாக இருக்க இருக்க அந்த முயற்சி பலமாகும். 6000 கிலோமீற்றர் அலை மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகத்தில் பின்வாங்கும். மேற்குக் காற்றும் அதே வேகமென்றால் அலை ஒரே இடத்தில் நின்றுவிடும். நின்றால் கீழே இருப்பவர்களுக்கு வாரக்கணக்கில் ஒரே வானிலை. 2003இல் மேற்கு ஐரோப்பாவிலும் 2010இல் ரஷ்யாவிலும் கொன்ற வெப்பம் இப்படி நகராமல் நின்ற அமைப்புகளால் வந்தது.

எங்கட கச்சான் காத்தும் மலை தாண்டித்தானே வருது? ரொக்கி மலை தாண்டினா தாழமுக்கம் பிறக்குதாம், இங்க ஏன் பிறக்கிறதில்ல?

மிக நல்ல கேள்வி. ஒரு பாதி இரண்டு இடத்திலும் ஒன்றே. மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கும் காற்று நசுங்கிச் சூடாகி உலர்ந்து வரும். ஆடி மாதத்தில் நம் வாயை உலர்த்தும் கச்சானுக்கும், கனடாவின் கல்கரியில் பனியை உருக்கும் சினூக் காற்றுக்கும் இந்த வகையில் ஒரே பிறப்பு.

மற்றப் பாதிதான் வேறுபடுகிறது. வடமோடிக் கூத்தில் சுழன்றாடும் கூத்தர் விரித்த கையை உடம்போடு சேர்த்தால் சுழற்சி வேகமாகும். காற்றுத் தூணும் அப்படித்தான்: மலைக்கு மேல் வரும்போது குட்டையாகி அகலும், சுழல் குறையும். மலையை விட்டு இறங்கும்போது நீண்டு ஒடுங்கும், சுழல் கூடும். ரொக்கிக்குக் கிழக்கே, அல்பேட்டாவிலும் கொலராடோவிலும், தாழமுக்கங்கள் அடிக்கடி பிறந்து ரொறன்ரோ பக்கம் போவது இதனால்தான். ஆனால் கூத்தருக்கு முதலில் ஒரு சுழற்சி இருந்தால்தானே கையைச் சேர்த்துக் கூட்ட முடியும்? நம் அகலக்கோட்டில் அந்தத் தொடக்கச் சுழற்சி மிகச் சிறியது. அதோடு நம் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2524 மீற்றர் என்றாலும் மலைநாடு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் அகலம்தான். கச்சான் அதைச் சில மணித்தியாலத்தில் தாண்டிவிடும். இங்கே ஒரு வட்டத்துக்கு மூன்றரை நாள் என்று பார்த்தோம். சுழற்சி வேலை செய்ய நேரமே இல்லை.

எல்லாம் சமநிலையில இருக்கெண்டு சொல்றீங்க. சமநிலையில இருந்தா வானிலை ஏன் மாறுது?

பல்கலைக்கழகம் போன ஒரு மாணவி கேட்டது. சமநிலை முழுமையானது அல்ல. பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறை இருக்கும். அந்தச் சின்னக் குறைதான் காற்றை மேலும் கீழும் நகர்த்தி, முகிலையும் மழையையும் உண்டாக்கி, நாளைய அமுக்கத்தை இன்றையதில் இருந்து மாற்றுகிறது. முகப்புப் பற்றிய பதிலில் சொன்ன எழுச்சியும் இதன் ஒரு வடிவம்தான்.

இந்தச் சின்னக் குறையை நேராக அளப்பது ஆபத்து. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், 1910 மே 20ஆம் திகதித் தரவுகளை வைத்து அன்றைய அமுக்க மாற்றத்தைக் கையால் கணக்குப் போட்டு, 1922இல் வெளியிட்டார். 6 மணித்தியாலத்தில் 145 ஹெக்டோபஸ்கால் அமுக்கம் ஏறும் என்று வந்தது. உண்மையில் அமுக்கம் அசையவே இல்லை என்று சொல்லலாம். சமன்பாடுகள் சரி, தொடக்கத் தரவில் இருந்த சிறு பிழைகள் பொய்யான வேகமான அலைகளாகக் கிளம்பிவிட்டன. சார்னி 1948இல் வேறு வழி எடுத்தார்: சமநிலையை முதலில் ஏற்றுக்கொண்டு, அது மெல்ல மெல்ல எப்படி நகர்கிறது என்பதை மட்டும் கணக்கிடுவது. 1950இல் அவரும் ஃபியோர்டொஃப்டும் ஃபொன் நொய்மனும் எனியாக் கணினியில் இந்த வழியில் முதல் முன்னறிவிப்பைச் செய்தார்கள். 24 மணித்தியால முன்னறிவிப்புக்குக் கணினி எடுத்ததும் கிட்டத்தட்ட 24 மணித்தியாலம். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சம்பவம் இது. ரிச்சர்ட்சனின் துணிச்சலை ஒருநாளும் தோல்வி என்று நான் வகுப்பில் சொல்வதில்லை.

அறுகம்பேயில காத்தே இல்லாத நாளில பெரிய அலை வருதே, அது எங்க இருந்து?

அம்பாறை மாவட்டத்தில் இந்தப் பாடம் கரைக்கே வந்து சேரும் இடம் அது. தென் அரைக்கோளத்தில் 40, 50 பாகைப் பக்கம் தடுக்கத் தரையே இல்லாத கடலில் மேற்சொன்ன புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அவை எழுப்பும் நீண்ட அலைகள் காற்றை விட்டுப் பிரிந்து தனியாக வடக்கே வரும். 16 வினாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 45 கிலோமீற்றர் போகும். 45 பாகைத் தெற்கில் இருந்து பொத்துவிலுக்கு ஏறத்தாழ 5800 கிலோமீற்றர். ஐந்து நாளில் வந்துவிடும். நீண்ட அலைக்கு வேகம் கூட என்பதால் அதுதான் முதலில் கரை தட்டும். மே முதல் செப்ரெம்பர் வரை அங்கே அலைச்சறுக்குக் காலமாக இருப்பதற்குத் தெற்கின் குளிர்காலப் புயல்களும், அலையைக் குலைக்காமல் தரையில் இருந்து கடலுக்கு வீசும் காற்றும் காரணம்.

அங்கத்தைய குளிர் எங்களுக்கும் வருமா?

உருமாறி வரும். குளிர்காலத்தில் சைபீரியாவில் குளிர்ந்து பாரமான காற்று தேங்கி உயரமுக்கமாகிறது. ரொஸ்பி அலை ஒன்று கடக்கும்போது அது உடைந்து தென்சீனக் கடல் வழியாகத் தெற்கே பாயும். வழியில் சூடான கடல் அதைச் சூடாக்கி ஈரமூட்டிவிடும். நமக்குக் கிடைப்பது வலுத்த வாடையும் மழையும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது வடக்கில் இருந்து குளிர்ந்த காற்றை இழுத்தது. நனைந்தபடி குளிரில் நின்ற கால்நடைகள் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையாகச் செத்தன. மாடு வளர்ப்பவர்கள் மார்கழி வாடையை மழையாக மட்டும் எண்ணாமல், மேட்டில் காற்று மறைப்புள்ள ஒரு பட்டியையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

அங்க ஒரு கிழமைக்கு முன்னமே சொல்றாங்கள். இங்க பின்னேரம் மழை வருமா எண்டு சொல்ல ஏலாதா?

சொல்வதில் திறமை குறைவு என்பதல்ல காரணம். 4000 கிலோமீற்றர் அலை ஒரு கண்டத்தைத் தாண்டி வருவதை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அது சில விதிகளுக்குக் கட்டுப்பட்டு நகரும். நம் பின்னேர இடிமுகில் சில கிலோமீற்றர் அகலம், ஒரு மணித்தியால ஆயுள். ஏறாவூரில் கொட்டும்போது கல்லடியில் வெயில் அடிக்கும். லண்டன் பக்க முன்னறிவிப்புக்கும் எல்லையுண்டு: எட்வர்ட் லோரன்ஸ் காட்டியபடி தொடக்கத்தில் உள்ள சின்னப் பிழை பெருகிப் பெருகி, ஏறத்தாழ இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்ல முடியாமல் செய்துவிடும்.

ஆனால் நமக்கும் மெதுவாக நகரும் பெரிய அமைப்புகள் உண்டு. ரோலண்ட் மேடனும் போல் ஜூலியனும் 1971இல் கண்டுபிடித்த அலைவு 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை இந்து சமுத்திரத்தில் தொடங்கிக் கிழக்கே நகரும் முகில் கூட்டம். அது நம் பக்கம் நிற்கும்போது கனமழைக்கும் தாழமுக்கத்துக்கும் வாய்ப்புக் கூடும், தாண்டிப் போனபின் குறையும். படுவான்கரையில் பெரும்போக விதைப்புக்கு நாள் பார்ப்பவர்கள் என்னிடம் கேட்டால், அன்றைய வானத்தைப் பார்க்க முன்னம் அந்த அலைவு எங்கே நிற்கிறது என்றுதான் பார்த்துச் சொல்கிறேன்.